செக் இன்ஜின் லைட்டுக்கு நம்பிப் போகலாம்

வேறொரு ஊரில் என் வண்டிக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) புதிதாக மாற்றியும் செக் இன்ஜின் லைட் திரும்ப எரிந்தது, ஸ்கேனரில் வந்த கோடும் அதே பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்), சென்சரையும் மாற்றச் சொன்னார்கள். உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் வழியில் இருக்கும் இந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றவில்லை, முதலில் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைக் காட்டினார். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் வோல்டேஜ் ஏறி இறங்கலாம், கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் சென்சர் பெரும்பாலும் நிலையாக நிற்க வேண்டும், என் வண்டியில் அது அடிக்கடி கீழே விழுந்தது. அப்புறம் இன்ஜின் சூடாகும் முன்பே சைலன்சர் பைப் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தார், குமிழி குமிழியாக வந்தது. "உப்புக் காத்து தம்பி, போல்ட் அரிச்சிருச்சு, அந்தச் சந்துல வெளிக்காத்து போய் சென்சரை ஏமாத்துது" என்றார். கேஸ்கெட், போல்ட் மட்டும்தான் மாற்றினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு செய்ததுதான். ஸ்கேனரில் அந்த பி0420 கோடு அழிக்கப்பட்டதும் லைட் அணைவது பெரிய விஷயமில்லை, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தன் சோதனையை ஓட்டத்தில் முடிக்க வேண்டும் என்று ராமேஸ்வரம் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடி ஸ்கேன் செய்தார், சோதனை முடிந்திருந்தது, கோடு வரவில்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டிப் போகாதீர்கள், அது மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது), எரியாத பெட்ரோல் போய் கன்வெர்ட்டரையே உருக்கிவிடும்.