யூஎஃப்டபிள்யூ: வீட்டு லினக்ஸ் கணினிக்குப் போதுமான ஃபயர்வால்

உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவியவுடன், வலையமைப்பு வழியே வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலும் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டின் 8.04 பதிப்பு முதற்கொண்டே யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி உபுண்டுவுடன் வருகிறது என்றாலும், நாமாக முடுக்கிவிடும்வரை அது சும்மாதான் இருக்கும்.

வலையமைப்பு வழியே வருகிற தரவுப் பொட்டலங்களைத் தடுக்கும் வேலையை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள நெட்ஃபில்டர் செய்கிறது. எதைத் தடுப்பது, எதை விடுவது என்று அதற்குச் சொல்லும் நீண்ட ஐபிடேபிள்ஸ் விதிகளை நமக்காக எழுதித் தருவதே யூஎஃப்டபிள்யூவின் பணி. டெர்மினலில் 'சுடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள்' (sudo ufw enable) என்ற ஒரே வரியைக் கொடுத்தால், வெளியிலிருந்து வரும் புதிய இணைப்புகள் மறுக்கப்படும், நாம் தொடங்கும் இணைப்புகளும் அவற்றுக்கான பதில்களும் தடையின்றிச் செல்லும், கணினியை அணைத்துப் போட்டாலும் இந்த ஏற்பாடு மாறாது. உலாவி, மின்னஞ்சல், மென்பொருள் புதுப்பிப்பு எதற்கும் இடையூறு இல்லை. கட்டளைகளைத் தட்ட விரும்பாதவர்களுக்கு ஜியூஎஃப்டபிள்யூ என்ற சாளர வடிவமும் உண்டு.

ரௌட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4-இல் வீட்டுக் கருவிகளின் முகவரிகளை ரௌட்டர் ஓரளவு மறைக்கிறது. ஆனால் புதிய முறையான ஐபிவி6-இல் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைப்பதால் அந்த மறைப்பு அங்கே இல்லை. மடிக்கணினியோ கல்லூரி விடுதியின் வைஃபைக்கும் ரயில் நிலைய வைஃபைக்கும் நம்முடன் வருகிறது. யூஎஃப்டபிள்யூ இரண்டு வகை முகவரிகளுக்கும் இயல்பாகவே விதிகளைப் பொருத்திவிடுகிறது. அதன் சிறப்புகளில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

கைப்பேசியையும் கணினியையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட்டைப் பயன்படுத்துவோர் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை, அதாவது இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாயில்களை, டிசிபி, யுடிபி என்ற இரண்டு தரவுப் பரிமாற்ற முறைகளிலும் திறக்க வேண்டும். நான் அவற்றை எல்லோருக்கும் திறந்துவிடாமல், 192.168.1.0/24 என்ற என் வீட்டு வலையமைப்பு முகவரிகளுக்கு மட்டுமே அனுமதித்திருக்கிறேன். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து கணினியை இயக்குவோர், ஃபயர்வாலை முடுக்குவதற்கு முன்பே அதற்கான அனுமதியைச் சேர்த்துவிட வேண்டும். அங்கே 'அலவ்' (allow) என்பதற்குப் பதில் 'லிமிட்' (limit) என்று கொடுத்தால், 30 விநாடிகளுக்குள் 6 முறையோ அதற்கு மேலோ இணைய முயலும் முகவரி தடுக்கப்படும். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவர்களுக்கு எதிராக இது நல்ல காவல்.

குறைகளும் உண்டு. செயலிகளைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர், அந்தக் கண்டெய்னர்களுக்காக வெளியே திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதால், டாக்கர் வைத்திருப்பவர்கள் அந்தப் போர்ட்டுகளை அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியோடு மட்டும் பிணைப்பது நல்லது. எந்தச் செயலி வெளியே தொடர்புகொள்ளலாம் என்று செயலிவாரியாகத் தீர்மானிக்கும் வசதியும் இதில் கிடையாது.

'ஸ்டேட்டஸ் நம்பர்டு' (sudo ufw status numbered) என்று கேட்டால் விதிகள் எண்ணிட்டு வரும், வேண்டாதவற்றை எண்ணைச் சொல்லி நீக்கலாம். ஒன்றை நீக்கியதும் அதற்கு அடுத்தவற்றின் எண்கள் மாறிவிடுவதால், கடைசி எண்ணிலிருந்து மேல்நோக்கி நீக்கிக்கொண்டு வருவதே பாதுகாப்பானது.