பிரெத் ஆஃப் த வைல்ட்: முதல் பாதி தங்கம், பின்பாதி கொஞ்சம் இழுவை

2017 மார்ச்சில் வந்த ஜெல்டா வரிசை வீடியோ கேம் இது. 2023-இல் வந்த அடுத்த பாகத்தையும் முடித்துவிட்டேன், ஆனாலும் கை திரும்ப இதைத்தான் தேடுகிறது. அதற்காக இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை.

எல்லோரும் திட்டுவது ஆயுதம் உடைவதைத்தான். ஆசையாக எடுத்த வாள் ஒரு சண்டை முடிவதற்குள் கையிலேயே சிதறிவிடும், எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அப்படி உடைவதால்தான் எதிரி கீழே போட்டதை எடுத்து அவனையே அடிப்பது, மேட்டிலிருந்து பாறாங்கல்லை உருட்டிவிடுவது, இடி இடிக்கும்போது இரும்பு வாளைக் கூட்டத்துக்கு நடுவே வீசி மின்னலை அங்கே விழ வைப்பது, புல்லுக்குத் தீ வைத்து அதில் எழும் காற்றில் பாராகிளைடரை விரித்து மேலேறி அங்கிருந்தே அம்பு விடுவது என்று புத்தி வேலை செய்கிறது. ஒரே வாள் கடைசிவரை தாங்கியிருந்தால் இதையெல்லாம் யார் முயற்சி செய்திருப்பார்கள்?

பின்பாதியில் இதுவே தலைகீழாகிறது. பை நிறைய நல்ல ஆயுதம் இருக்கும், சில்லறை எதிரிகளை அடித்தால் அது தேயும், பதிலுக்குக் கிடைப்பதோ அதைவிட மட்டமானது, அதனால் சண்டையைப் பார்த்தாலே சுற்றிக்கொண்டு போகத் தோன்றும். உயிரைக் காட்டும் இதயங்கள் 13 சேர்த்து எடுக்கிற மாஸ்டர் ஸ்வார்ட் என்ற வாள் உடையாது, சரி, ஆனால் சக்தி தீர்ந்தால் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

சமையலும் அப்படித்தான். காட்டில் பொறுக்கியதையெல்லாம் சட்டியில் போட்டுப் பார்ப்பது ஆரம்பத்தில் பெரிய குஷி. அப்புறம் ஹார்ட்டி டூரியன் என்ற பழம் ஐந்தைப் போட்டால் உயிர் முழுக்க நிரம்பி மேலே 20 இதயங்களும் வரும் என்று தெரிந்துவிடுகிறது, அதையும் சண்டை நடுவே மெனுவைத் திறந்து எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றால் அப்புறம் எதற்குப் பயப்படுவது? போதாததற்கு, சமைத்தவற்றின் செய்முறையைக் குறித்துவைக்க கேமில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

மலை ஏறும்போது மழை வந்தால் வழுக்கும். அது சவாலும் இல்லை, வேடிக்கையும் இல்லை, சும்மா நிற்க வைக்கிறது.

டிவைன் பீஸ்ட் என்கிற ராட்சத இயந்திர மிருகங்கள் நான்கும் வெளியிலிருந்து பார்க்கப் பிரமாண்டம், உள்ளே போனால் எல்லாம் ஒரே சாயல், அங்கே இருக்கும் பெரிய எதிரிகளான பாஸ்களும் அண்ணன் தம்பி மாதிரி. நான்கையும் முடித்துவிட்டுப் போனால், கோட்டையில் இருக்கும் கடைசி வில்லன் கேனானின் உயிரில் பாதி சண்டை தொடங்கும்போதே போய்விடும். அதனால் கோட்டைக்குள் நுழைகிற வழியில் இருக்கும் படபடப்பு கடைசிச் சண்டையில் இல்லை. பீஸ்ட்களைத் தொடாமலே நேராகக் கோட்டைக்குப் போகவும் கேம் விடுகிறது, எனக்குப் பிடித்ததும் அந்தத் துணிச்சல்தான்.

இந்தக் கேமின் உச்சம் எது என்றால் ஈவன்டைட் தீவு என்பேன். கரையில் கால் வைத்ததும் ஆயுதம், உடை, சாப்பாடு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு மூன்று உருண்டைகளைத் தேடி உரிய இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். மரக்கிளையோடு பதுங்கிப் பதுங்கிப் போன அந்த ஆரம்ப நேரத்துப் பயம் அப்படியே திரும்பி வருகிறது. இந்த மாதிரி இன்னும் நாலைந்து இடம் வைத்திருந்தால் பின்பாதி இழுவையே தெரிந்திருக்காது.

ஆயுதப் பையைப் பெரிதாக்கத் தேடிச் சேர்க்கிற கொரோக் விதைகள் மொத்தம் 900. முழுசாகப் பெரிதாக்க 441 போதும், மீதிக்காக அலையாதீர்கள். 900-க்குத் தருகிற பரிசு என்னவென்று பார்த்தால் சிரிப்பீர்கள், இல்லையென்றால் கன்ட்ரோலரைத் தூக்கி எறிவீர்கள்.