பஸ்ஸில் டாய்லெட் இருக்கிறது என்றார்கள், பூட்டி வைத்திருப்போம் என்று சொல்லவில்லை

கப்பல் சுற்றுலா போகிறவர்கள், முக்கியமாக வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கரையில் இறங்கி ஊர் பார்க்கும் பஸ் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுது பாப்பா, இன்னொருத்தி அப்படி நிக்க வேண்டாம்" என்றார்.

போன ஜூலையில் நானும் கணவரும் அம்மாவும் பார்சிலோனாவில் கப்பல் ஏறினோம். ஏழு இரவுப் பயணம். அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம் எல்லாம் உண்டு. காலையில் போடுகிற பிரஷர் மாத்திரையிலேயே நீர் பிரியவைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. போட்டுவிட்டால் மதியம் வரை முக்கால் மணிக்கு ஒரு தடவையாவது போயாக வேண்டும். அதனால்தான் வெளியாட்களிடம் போகாமல், கப்பல் நிறுவனமே விற்கிற சுற்றுலாவாகப் பார்த்து எடுத்தோம். அதில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், ஏதாவது என்றால் கேட்க ஆள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை.

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளுக்கு, ஃப்ளோரன்ஸையும் பீசாவையும் ஒரே நாளில் பார்க்கிற சுற்றுலா. ஆளுக்கு 119 யூரோ. கப்பல் ஏறிய அன்றே சுற்றுலா மேசைக்குப் போய், "அம்மாவால் அடக்க முடியாது, பஸ்ஸில் டாய்லெட் இருக்கிறதா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார் அங்கிருந்த பெண். மறுநாள் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அவரிடமும் கேட்டேன். எங்கள் எல்லா பஸ்ஸிலும் உண்டு, கவலையே வேண்டாம் என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். டாய்லெட் இருந்தது. பூட்டியிருந்தது.

ஐரோப்பாவின் சுற்றுலா பஸ்களில் டாய்லெட் பெரும்பாலும் நடுக்கதவை ஒட்டி, படிகளுக்குப் பக்கத்தில் கீழே இருக்கும். எங்கள் பஸ்ஸிலும் அங்கேதான். கிளம்பி இருபது நிமிடத்தில் அம்மா என் கையைத் தொட்டார். நான் எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகினேன், அசையவில்லை. வழிகாட்டியிடம் போனேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு, அது உபயோகத்தில் இல்லை, ஃப்ளோரன்ஸ் போனதும் முதல் வேலையாக டாய்லெட்தான் என்றார். இன்னும் எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியில் நிறுத்த முடியுமா? இந்தச் சாலையில் முடியாது.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிவோர்னோவிலிருந்து ஃப்ளோரன்ஸ் சுமார் 90 கிலோமீட்டர். போகிற சாலைக்கு ஃபி-பி-லி என்று பெயர். ஃபிரென்சே (ஃப்ளோரன்ஸின் இத்தாலியப் பெயர்), பீசா, லிவோர்னோ என்ற மூன்று ஊர்களின் முதல் எழுத்துகள்தான் அது. குறுகலான நான்கு வழிச் சாலை. பல இடங்களில் ஓரமாக வண்டியை ஒதுக்கக்கூட இடம் கிடையாது. சாலை வேலைக்கும் நெரிசலுக்கும் அந்த ஊர்க்காரர்களிடமே கெட்ட பேர் வாங்கியது. ஆக, நிறுத்த முடியாது என்று வழிகாட்டி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நிறுத்த முடியாத சாலை என்று தெரிந்தே, பஸ்ஸுக்குள் இருக்கிற ஒரே டாய்லெட்டைப் பூட்டிவிட்டு, பாதிப் பேர் அறுபதைத் தாண்டிய ஒரு கூட்டத்தை ஏற்றி அனுப்புகிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்றைக்கு எம்போலி பக்கம் சாலை வேலை. ஒன்றரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என் கணவர் மறுபடி டிரைவரிடமே போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சரி, ஃப்ளோரன்ஸ் வந்துவிட்டது என்றால் அதோடு முடியவில்லை. பெரிய பஸ்கள் பழைய நகரத்துக்குள் போக முடியாது. ஆர்னோ ஆற்றங்கரையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து சாந்தா க்ரோச்சே தேவாலயம் வரை கால் மணி நடை. பாதி வழியில் அம்மா நின்றுவிட்டார். "கொஞ்சம் ஆயிடுச்சு பாப்பா" என்றார். சேலைக் கொசுவத்தை முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குழு போன பக்கம் பார்க்காமல் ஆற்றைப் பார்த்து நின்றார். என் துப்பட்டாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன்.

முதல் வேலையாக டாய்லெட் என்று சொன்ன இடம் ஒரு தோல் பொருள் கடை. 46 பேரையும் ஓர் அறையில் நிற்கவைத்து, அசல் தோல் எது, போலி எது என்று விளக்கம் தொடங்கினார்கள். டாய்லெட் பின்பக்கம் இருக்கிறது, விளக்கம் முடிந்ததும் போகலாம் என்றார் வழிகாட்டி. அங்கே நான் சத்தம் போட்டேன். கல்லாவில் இருந்த ஒரு பெண்மணி அம்மாவைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து கையைப் பிடித்து, ஊழியர்களுக்கான கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். காகிதத் துண்டுகளும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலில் காவலுக்கு நின்றார். அந்த முகம் எனக்கு மறக்காது. மற்றவர்களுக்கு இருந்தது இரண்டே அறை. வரிசை முடிய அரை மணிக்கு மேல் ஆனது, அதற்குள் ஊர் பார்க்கும் நேரத்தில் பாதி போய்விட்டது. சுற்றுலா அட்டவணையில் 'கழிப்பறை இடைவேளை' என்று எழுதியிருந்தால் அது கடையாக இருக்கலாம், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் டாய்லெட் திறந்திருந்தால் யாரும் அவ்வளவு அவசரமாகக் கடைக்குள் ஓட மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பீசாவைப் பற்றி அதிகம் இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து சாய்ந்த கோபுரத்துக்கும் நல்ல நடை, டாய்லெட்டுக்குக் காசு. அம்மா அங்கே கோபுரம் பார்க்க வரவில்லை, நானும் அவரோடு இருந்துவிட்டேன்.

ஏன் பூட்டுகிறார்கள்? ஊருக்கு வந்த பிறகு, லண்டனில் சுற்றுலா பஸ் ஓட்டுகிற சித்தப்பா பையனிடம் கேட்டேன். தொட்டியைக் கண்ட இடத்தில் காலி செய்ய முடியாது, அதற்கென்று வசதி இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும், கழுவுகிற வேலை பல இடங்களில் டிரைவர் தலையில் விழும், வெயிலில் வாடை வண்டி முழுக்க அடிக்கும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால் பூட்டிவிடுகிற வழக்கம் உண்டு, சிலர் அதற்குள் தண்ணீர்ப் பெட்டிகளை அடுக்கி வைப்பார்கள் என்றான். இன்னொன்றும் சொன்னான். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். நெடுந்தூர பஸ் பயணங்களில் நமக்கு நடுவில் இடைவேளை கிடைப்பது அந்த விதியின் புண்ணியத்தால். ஒன்றரை மணி நேரக் கப்பல் சுற்றுலாவுக்கு அந்த விதி வேலை செய்யாது. ஆக, நிறுத்து என்று கட்டாயப்படுத்த எதுவும் இல்லை.

ஃப்ளோரன்ஸ் போய் வந்த அன்று இரவே சுற்றுலா மேசையில் புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பதில் வந்தது. வருந்துகிறோம், கரைச் சுற்றுலாக்களை நடத்துவது தனி நிறுவனங்கள், பஸ்ஸில் உள்ள வசதிகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, உங்கள் கணக்கில் நல்லெண்ணத் தொகையாக 30 யூரோ சேர்த்திருக்கிறோம் என்று. விற்கும்போது 'எங்கள் பஸ்', புகார் என்றால் 'தனி நிறுவனம்'. பயணச் சீட்டின் நிபந்தனைகளைப் பிறகு படித்துப் பார்த்தேன். சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நீங்கள் முன்னாலேயே படித்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது அடுத்த நாள் நடந்தது. அதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு.

மறுநாள் சிவித்தவேக்கியா. ரோமுக்கான துறைமுகம், நகரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். பணம் முன்பே கட்டியாகிவிட்டது. அம்மா, "நான் பாத்துக்கறேன், வா போகலாம்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கல்யாண வீட்டிலும் பஸ் பயணத்திலும் காலங்காலமாக எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ அப்படித்தான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மாத்திரையை மட்டும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். ரோமில் தெருவுக்குத் தெரு நசோனி என்ற வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்கள் உண்டு, 1870-களிலிருந்து இருப்பவை, ஊர் முழுக்க 2,000-க்கும் மேல். நாள் முழுக்க இலவசமாகக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாரும் பாட்டிலில் பிடித்துக் குடித்தார்கள். அம்மா கைக்குட்டையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் அதைப் பார்த்தேன், எனக்கு உறைக்கவில்லை. கொலோசியத்துக்கு வெளியே வெயிலில் வரிசையில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து என் தோளில் சாய்ந்துவிட்டார்.

கப்பலுக்குத் திரும்பியதும் மருத்துவ அறை. உடம்பில் நீர் வற்றிவிட்டது, பிரஷர் மிகவும் இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். ஒரு பாட்டில் டிரிப்ஸ். கட்டணம் அறைக் கணக்கில் ஏறியது, 210 யூரோ. பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் பிறகு பெரும்பகுதி கிடைத்தது. பூட்டிய கதவு முதல் நாள் செய்தது அவமானம், இரண்டாம் நாள் செய்தது ஆபத்து. பெரியவர்கள் தண்ணீரைக் குறைத்து இதைச் சமாளிக்கப் பார்ப்பார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். கவனியுங்கள்.

மதுரையில் எங்கள் மருத்துவரிடம் சொன்னபோது, அந்த மாதிரி நாட்களில் மாத்திரையைத் திரும்பி வந்த பிறகு போட்டுக்கொள்ளும்படி மாற்றியிருக்கலாமே, என்னிடம் முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்றார். எல்லாருக்கும் இது பொருந்தாது, ஆளுக்கு ஆள் மருந்து வேறு. கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

டாய்லெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு ஏமாந்தவள் நான். பயணம் முழுக்கத் திறந்திருக்குமா, நான் ஏறப்போகிற பஸ்ஸில் திறந்திருக்குமா, இல்லையென்றால் முதல் நிறுத்தம் கிளம்பி எத்தனையாவது நிமிடத்தில், அது கடையா பொதுக் கழிப்பறையா, எத்தனை அறை, இறக்கிவிடும் இடத்திலிருந்து எவ்வளவு நடை என்று கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். பஸ் ஏறியதும், அது துறைமுகத்தை விட்டு நகரும் முன், நீங்களே போய்க் கைப்பிடியைத் திருகிப் பாருங்கள். பூட்டியிருந்தால் அங்கேயே இறங்கிவிடலாம், கப்பல் பக்கத்தில்தான் நிற்கும். அப்புறம், துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். பாரிஸ் என்று போட்டிருப்பார்கள், கப்பல் நிற்பது சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி லெ ஹாவ்ரில். பெர்லின் என்று போட்டிருப்பார்கள், நிற்பது வார்னமுண்டேயில், பஸ்ஸில் போக மூன்று மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து கப்பலேறும் நம்மவர்களுக்கும் இதே கதைதான். பாங்காக் என்றால் லேம் சாபாங், ஹோ சி மின் நகரம் என்றால் ஃபூ மீ, இரண்டிலும் நெரிசல் நேரத்தில் இரண்டு மணி நேரமாவது பஸ்.

இத்தாலிக்கென்று சில விஷயங்கள். காபிக் கடையில் எதையாவது வாங்கினால் டாய்லெட்டை உபயோகிக்க விடுவார்கள். நின்றுகொண்டே குடித்தால் விலையும் குறைவு. கதவில் 'குவாஸ்தோ' என்று தாள் ஒட்டியிருந்தால் பழுது என்று பொருள். 'சின்யோரி' ஆண்களுக்கு, 'சின்யோரே' பெண்களுக்கு, கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். பல இடங்களில் உட்காரும் பலகை இருக்காது, கழுவத் தண்ணீர் இருக்காது. ஒரு காலிப் பாட்டில், மாற்று உள்ளாடை, பெரியவர்களுக்கான உறிஞ்சும் பேட் கையில் இருக்கட்டும். பேட் போடச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்து நான் எடுத்துப்போகவே இல்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன் என்கிறார் அம்மா.

அதற்கு அடுத்த நாள் நேப்பிள்ஸ். பொம்பெய் போகும் பஸ்ஸை ரத்து செய்தோம், பணம் திரும்பவில்லை. அங்கே கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறது. துறைமுகக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே காஸ்டெல் நுவோவோ கோட்டை. மெதுவாக நடந்து கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம், உம்பர்த்தோ என்ற கடைவீதிக் கூடத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்று காபி குடித்தோம், அங்கேயே அம்மா டாய்லெட்டும் போய் வந்தார். மதியத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். அம்மா அதற்குள் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்திருந்தார்.