கூடை காலி, திரையில் மட்டும் ஒரு 0

ஒரு கடைத் தளத்தின் கூடைப் பக்கம். பொருள் இருந்தால் பட்டியல் வர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வரக்கூடாது. இதற்கான எச்டிஎம்எல்லை ஜாவாஸ்கிரிப்டுக்குள் மூன்று விதமாக எழுதலாம்: திரையை வரையும் லைப்ரரியான ரியாக்டோடு 2013இல் வெளிவந்த எழுத்துமுறை ஜேஎஸ்எக்ஸ், கூகுளில் பிறந்த லைப்ரரி லிட், லைப்ரரியே இல்லாமல் பேக்டிக் (`) குறிகளுக்குள் வெறும் எழுத்தாக எழுதி, பக்கத்தின் உள்ளடக்கத்தை மாற்றும் இன்னர்எச்டிஎம்எல்லில் கொட்டுவது.

ஜேஎஸ்எக்ஸில் கை தானாக எழுதுவது: பட்டியலின் லெங்த் (எத்தனை பொருள் என்ற எண்), பக்கத்தில் &&, அப்புறம் டேக். கூடை காலியானால் திரையில் ஒரு 0 தனியாக நிற்கும். அந்த இரட்டைக் குறி, இடப்பக்கம் உண்மையென்றால் வலப்பக்கத்தைத் தரும்; இடப்பக்கம் 0 போலப் பொய்க்குச் சமமாக இருந்தால் && அந்த மதிப்பையே திருப்பித் தரும். ஃபால்ஸ், நல், அன்டிஃபைன்ட் என்றால் ரியாக்ட் எதையும் வரையாது; 0 எண்ணாயிற்றே, வரைந்துவிடும். இதை லைவுக்கே அனுப்பிவிட்டு, "விலை 0 என்று காட்டுகிறதே" என்று வாடிக்கையாளர் கேட்ட பிறகு விழித்தவன் நான். லெங்த் > 0 என்று எழுதினால் தீர்ந்தது.

சரி, அதே மருந்தை லிட்டில் கொடுத்தால்? 0 போய், ஃபால்ஸ் என்ற சொல்லே திரையில் வந்து உட்காரும். ட்ரூ, ஃபால்ஸ் என்ற பூலியன் மதிப்புகளையும் லிட் எழுத்தாக்கிக் காட்டும். பேக்டிக்கிலும் இதே கதை. அதனால் நான் எங்கேயும் ? : (இருந்தால் இது, இல்லாவிட்டால் அது) தான் எழுதுகிறேன், இல்லாத பக்கத்தில் ஜேஎஸ்எக்ஸில் நல், மற்ற இரண்டிலும் உள்ளே ஒன்றுமில்லாத மேற்கோள்குறி.

அட்ரிபியூட் (டேக்குக்குள் எழுதும் பண்பு) விஷயத்தில் லிட் சுகம். கிளாஸ், ஃபார் எல்லாம் எச்டிஎம்எல்லில் உள்ளபடியே எழுதலாம். ஜேஎஸ்எக்ஸில் கிளாஸ்நேம், எச்டிஎம்எல்ஃபார். மறந்தால் கன்சோல் திட்டும், அதனால் பயமில்லை. ஆனால் லிட்டில், பட்டனை முடக்கும் டிசேபில்ட் முன்னால் ? போட மறந்தால், மதிப்பு ஃபால்ஸாக இருந்தாலும் பட்டன் செத்துக் கிடக்கும். அந்த அட்ரிபியூட் இருந்தாலே போதும், பிரவுசர் மதிப்பைப் பார்ப்பதில்லை.

பேக்டிக்கில் மேப் செய்த (ஒவ்வொரு பொருளையும் டேக்காக மாற்றிய) பட்டியலை ஜாயின் செய்து ஒன்றாக ஒட்டாமல் விட்டால் வரிகளுக்கிடையே கமா முளைக்கும். அது வெறும் அசிங்கம். ஆபத்து வேறு: பயனர் தன் பெயருக்குப் பதிலாக, ஆன்எரர் (படம் வராவிட்டால் ஓடும் கோட்) வைத்த ஒரு இமேஜ் டேக்கை எழுதிக் கொடுத்தால் இன்னர்எச்டிஎம்எல் அதை ஓட்டிவிடும். ஜேஎஸ்எக்ஸும் லிட்டும் அதை வெறும் எழுத்தாகவே காட்டும்.

ஜேஎஸ்எக்ஸுக்கே உரிய கமுக்கமான தவறுகள் இரண்டு. "மொத்தம்" என்று எழுதி அடுத்த வரியில் தொகையின் டேக்கைத் திறந்தால் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி காணாமல் போகும். காம்பொனென்ட் (நாமே செய்த டேக்) பெயரைச் சின்ன எழுத்தில் தொடங்கினால் ரியாக்ட் அதைச் சாதாரண டேக் என்று நினைத்துக்கொள்ளும். ரிட்டர்ன் எழுதி என்டர் தட்டி அடுத்த வரியில் தொடங்குவது மூன்றிலுமே பிழை. ஜாவாஸ்கிரிப்ட் ரிட்டர்னுக்குப் பின்னால் தானே அரைப்புள்ளி போட்டு முடித்துவிடும், ஒன்றும் திரும்பி வராது. முன்பு ரியாக்ட் இதற்கு எரர் கொடுத்தது, 18ஆம் பதிப்பிலிருந்து வெற்றுத் திரைதான்.

பெரிய தளம், பலர் கை வைக்கும் கோட் என்றால் ஜேஎஸ்எக்ஸ். பில்ட் (கோடை பிரவுசருக்கு ஏற்ப மாற்றும் படி) வசதியில்லாத வேறொருவர் பக்கத்தில் ஒரு சின்ன விட்ஜெட் சொருக லிட். பேக்டிக் எனக்கு அடிக்குறிப்பில் ஆண்டைக் காட்ட மட்டும்.