மேலேறி நின்ற இம்ப்ளான்ட்டும் ஆறு வார விடுப்பும்

திருச்சி தில்லைநகரில் எனக்குப் பல ஆண்டுகளாக ரவிக்கை தைத்துத் தரும் அம்மாவிடம், மார்பில் இம்ப்ளான்ட் மாற்றிய அறுவை முடிந்த ஐந்தாம் வாரம், பொங்கலுக்கு முன்பாக அளவு கொடுக்கப் போயிருந்தேன். தோளிலிருந்து, ரவிக்கையில் மார்பின் முனை விழும் டாட் பாயிண்ட் வரை நாடாவைப் பிடித்துப் பார்த்தவர், பழைய நோட்டைப் புரட்டி அதில் எழுதியிருந்த அளவையும் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாயிண்ட் ஒரு இஞ்சு மேல ஏறிப் போச்சே" என்றார். சென்னை மருத்துவமனையில் ஒருவரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லாத செய்தி அது. ஆறு ரவிக்கைத் துணிகளையும் அவரிடமே கொடுத்து, இப்போதைக்கு வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் கனடாவில், மிசிசாகாவில் வசிக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் பாலூட்டி முடித்த பிறகு, 2009இல் அங்கேயே மார்பில் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். அழகுக்காகச் செய்துகொண்டதுதான், அதற்கு வேறு காரணம் கற்பித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. பத்து ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லை. 2019 மே மாதத்தில், அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றுடன் தொடர்பு இருப்பதாகத் தெரியவந்ததால், அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்டுகளின் உரிமத்தைக் கனடா அரசு நிறுத்திவைத்தது. ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டபடி அந்நிறுவனம் உலகெங்கும் அவற்றைத் திரும்பப் பெற்றது. அந்த வாரம் அலமாரியைக் குடைந்து, இம்ப்ளான்ட் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகுதான், என்னுடையது வழவழப்பான வகை என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு இடப்பக்கம் இறுகத் தொடங்கியது. உடலுக்குள் வைக்கும் அந்நியப் பொருளைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய உறையைப் பின்னிக்கொள்வது இயல்பு. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி, உள்ளே இருப்பதைப் பிழியத் தொடங்கிவிடுகிறது. பேக்கர் அளவுகோலின்படி இதில் நான்கு படிகள் உண்டு. கைக்கும் கண்ணுக்கும் இயல்பாக இருந்தால் முதற்படி. கடினமாகி, உருவம் மாறி, வலியும் சேர்ந்துவிட்டால் நான்காம் படி. என்னுடையது வலியில்லாத மூன்றாம் படி. கனடாவில் அழகு அறுவையும் அதன் மறு அறுவையும் கைக்காசில்தான் நடக்க வேண்டும் என்பதாலும், அங்கே சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவாகச் சென்னையில் சொன்னதாலும், அறுவைக்குப் பின் கவனித்துக்கொள்ளத் திருச்சியில் அம்மாவும் அத்தையும் இருந்ததாலும், அலுவலகத்தில் ஆறு வார விடுப்பு வாங்கிக்கொண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னைக்கு வந்து இறங்கினேன்.

அறுவையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மருத்துவர் ஒரு பெண்மணி. முக்கால் மணி நேரம் ஒதுக்கி, கழுத்துக்குழியிலிருந்து மார்புக்காம்பு வரையும், காம்பிலிருந்து அடிமடிப்பு வரையும் அளந்து குறித்துக்கொண்டு, இறுகிய உறையை எடுத்துவிட்டு, இதுவரை தசைக்கு மேல் இருந்த இம்ப்ளான்ட்டை இம்முறை மார்புத் தசைக்குக் கீழே புதிதாக ஓர் இடம் பிரித்து வைக்கப்போவதாகப் படம் போட்டு விளக்கினார். சிஸ்டர்கள் கேட்டதைக் கேட்ட நேரத்தில் செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்தவர் முந்தின இரவே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு நோயாளிக்கு ஓர் அட்டெண்டர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும் என்ற விதிதான், தனியாக வருகிறவர்களுக்குச் சிக்கல். அத்தை என்னுடன் வந்து, இரண்டு இரவும் அந்தக் குறுகிய சோபாவில் படுத்துக்கொண்டார்.

பணக் கணக்கு வேறு கதை. தொலைபேசியில் சொன்ன பேக்கேஜ் தொகையில் ஜிஎஸ்டி சேர்க்கப்படவில்லை என்பது, டிஸ்சார்ஜ் அன்று பில் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மருத்துவச் சேவைக்குப் பொதுவாக இங்கே வரிவிலக்கு உண்டு. ஆனால் அழகு அறுவைக்கு அந்த விலக்கு கிடையாது, 18 சதவீதம் கட்ட வேண்டும். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் சிதைந்த உடலமைப்பைச் சீராக்கும் அறுவைகள் மட்டுமே விலக்குக்குள் வருகின்றன. உறை இறுகியதைச் சரிசெய்தது எந்த வகையில் சேரும் என்று கேட்டேன். முதல் அறுவை அழகுக்காகச் செய்தது என்பதால் இதுவும் அப்படியே என்றார் பில்லிங் பிரிவில் இருந்தவர். வாதாடத் தெம்பில்லை, ஐந்து மணி நேரம் காத்திருந்து, கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஐந்தாம் நாள் வடிகுழாயை எடுத்துக் கட்டைப் பிரித்தபோதுதான் முதன்முதலாக முழுமையாகப் பார்த்தேன். இரண்டும் கழுத்தெலும்பை நோக்கி ஏறி, மேற்புறம் அலமாரித் தட்டுபோல் தட்டையாகவும் புடைத்தும், கீழ்ப்புறம் காலியாகவும் இருந்தன. காம்புகள் தரையைப் பார்த்தன. இடப்பக்கம் இன்னும் உயரம். "மேலதான் இருக்கும், இறங்கிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார் உதவி மருத்துவர். அவர் சொன்னது தவறில்லை என்பதை இப்போது அறிவேன். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் கண்ணாடி முன் நிற்க முடியாது.

பத்தாம் நாள் முதன்மை மருத்துவரிடமே உட்கார்ந்து கேட்டு வாங்கிய விளக்கம் இது. தசைக்குக் கீழே இம்ப்ளான்ட் வைக்கும்போது, அறுபட்டு வீங்கிய அந்தத் தசை இறுக்கமாகச் சுருங்கி அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. கீழ்ப்பக்கத் தோலும் திசுவும் இன்னும் நெகிழாததால் அங்கே இறங்க இடமில்லை. வீக்கம் வடிந்து, தசை தளர்ந்து, அடித்தோல் எடைக்கு இசைந்து விரிய வாரங்கள் ஆகும். மூன்று முதல் ஆறு மாதம் வரை பொறுத்த பிறகே இறுதி நிலை என்று எதையும் சொல்ல முடியும். முதல் அறுவையைவிட மறு அறுவையில் இது மெதுவாக நடப்பதுண்டு, ஏனென்றால் பழைய தழும்புத் திசு எளிதில் நெகிழாது. எனக்கு இடப்பக்கத்தில்தான் உறை அகற்றிய புண் பெரிது; ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில் இறங்காது என்றார். இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை அவரே மறைக்காமல் சொன்னார்: கீழ்ப்பகுதியில் இடம் போதிய அளவு பிரிக்கப்படாமல் இருந்தாலோ, உறை மீண்டும் இறுகத் தொடங்கினாலோ, எத்தனை மாதம் காத்திருந்தாலும் அது இறங்காது. இரண்டில் எது என்பதை ஆறாம் வாரத்தில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் விமானமோ ஆறாம் வார முடிவில்.

ஊர்ப் பயணத்தோடு அறுவையைச் சேர்த்துக்கொள்கிற எங்களைப் போன்றவர்கள் கணக்குத் தவறும் இடம் இதுதான். அறுவைக்கு இரண்டு நாள், தையல் ஆற இரண்டு வாரம், மிச்சம் கோயில் குளம் என்று நான் போட்ட திட்டத்தில், இறங்குவதற்கான மாதங்களுக்கு இடமே இல்லை.

மார்பின் மேற்புறத்தில் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டையை, இம்ப்ளான்ட்டைக் கீழ்நோக்கி அழுத்துவதற்காக, இரவும் பகலும் அணியச் சொன்னார்கள். மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்தது தளர்ந்து நழுவியது; திருச்சியில் ஒரு சர்ஜிக்கல் கடையில் வேறு அளவு வாங்கினேன். காரில் சென்னையிலிருந்து திருச்சி வரை 330 கிலோமீட்டர். சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே சிறு தலையணை வைத்துக்கொண்டேன், வேகத்தடை வரும்போதெல்லாம் அத்தை ஓட்டுநரை எச்சரித்துக்கொண்டே வந்தார். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் தலை வாரிப் பின்னிவிட்டதும் அவர்தான். சொர்க்கவாசல் திறப்பன்று ஸ்ரீரங்கம் போகவில்லை; அந்தக் கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் போதும். எனக்கு என்ன அறுவை என்று கேட்ட உறவினர்களுக்கு அம்மா "கட்டி எடுத்தாங்க" என்று சொல்லிவைத்தார். நான் திருத்தவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயங்களுக்குப் போராட வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜ் தாளில் "சிலிக்கோன் இம்ப்ளான்ட், இருபுறம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நிறுவனம், அளவு, வரிசை எண், லாட் எண் ஒன்றும் இல்லை. அந்த ஒட்டுச்சீட்டுகள் அறுவை அரங்கின் கோப்பில் ஒட்டப்பட்டிருந்தன. மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்று மூன்று முறை சொன்னார்கள். நான்காம் முறை நேரில் போய் நின்று நகலை வாங்கினேன். 2019 அனுபவம் இல்லையென்றால் விட்டிருப்பேன். அடுத்தது, வாராவாரம் மார்பின் புகைப்படங்களை ஒருங்கிணைப்பாளரின் வாட்ஸாப் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் கைப்பேசியில் என் படம் எதற்கு? மருத்துவரின் சொந்த எண்ணைக் கேட்டேன். அவர் தயங்காமல் கொடுத்தார்.

மிசிசாகா திரும்பிய பிறகு, நான் அணுகிய இரண்டு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களும், வேறொருவர் சமீபத்தில் செய்ததை இப்போது கையில் எடுக்கத் தயங்கினார்கள். குடும்ப மருத்துவர் மட்டும் அல்ட்ராசவுண்டு எழுதிக் கொடுத்தார். நீர்க்கோப்பு இல்லை, கசிவு இல்லை. மற்றபடி, இங்கே இரவு பத்தாகும்போது சென்னையில் மறுநாள் காலை. அந்த நேரத்தில் மாதம் ஒருமுறை வீடியோவில் மருத்துவரைப் பார்க்கிறேன். ஒரே சுவர், ஒரே விளக்கு, கைகளைத் தொங்கவிட்டு நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள், அவற்றோடு காம்பிலிருந்து அடிமடிப்பு வரையான அளவு. திடீரென்று ஒரு பக்கம் வீங்கினாலோ, சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திராமல் இங்கேயே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று அழுத்தித் தேய்க்கத் தொடங்கியிருந்த என்னை, ஆறாத இடத்தில் அது கேடு செய்யும் என்று தடுத்தவரும் அவரே.

இரண்டாம் வாரத்தில் இரு பக்கமும் 5.5 சென்டிமீட்டராக இருந்த அந்த அளவு, ஐந்தாம் மாதத்தில் வலப்பக்கம் 7.5, இடப்பக்கம் 6.5. வலப்பக்கம் இயல்பாக அமர்ந்துவிட்டது; இடப்பக்கம் மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் கடந்த ஐந்து வாரமாக நகரவில்லை. ஆறாம் மாதத்தையும் பார்த்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டால் கீழ்ப்பகுதியை மட்டும் விடுவிக்கும் சிறு அறுவை தேவைப்படலாம் என்கிறார் மருத்துவர். அதற்கு எத்தனை வார விடுப்பு எடுக்க வேண்டும் என்று இம்முறை நான்தான் முதலில் கேட்டேன். மூன்று மாதமாவது ஊரில் இருக்கும்படி வாருங்கள் என்றார்.

போன ஞாயிறு அத்தை அழைத்தபோது, தையற்கார அம்மா துணிகளைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னார். இடப்பக்க அளவு இன்னும் முடிவாகவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றேன்.