மலேசியா கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அக்காவைக் கிள்ளானுக்குக் கட்டிக்கொடுத்து 27 வருடம் ஆகிறது. போன மாதம் அவளுடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். நானும் என் மனைவியும், 74 வயதில் முதல்முறையாக விமானம் ஏறப்போகும் அம்மாவும் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போவதாக ஏற்பாடு.

புதுக்கோட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆளிடம் பணம் கட்டினேன். தெரிந்தவர் வீட்டுப் பையனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர் என்று சொன்னார்கள், அந்த நம்பிக்கைதான். போக வர டிக்கெட் மூன்று பேருக்கு 72,000 ரூபாய். விசாவுக்குத் தலைக்கு 4,500. மலேசியாவில் இறங்குமுன் இணையத்தில் பதிய வேண்டிய வருகை அட்டைக்குத் தலைக்கு 1,200. மொத்தம் 89,100 ரூபாய்.

விசா வேண்டாம் என்று செய்தியில் வந்ததே என்று நான் கேட்காமல் இல்லை. "அது சுற்றுலா போறவங்களுக்கு சார். நீங்க கல்யாணத்துக்குப் போய் சொந்தக்காரங்க வீட்டுல தங்கறீங்க. அதுக்கு விசிட் விசா தனி" என்றார். எவ்வளவு நிதானமாகச் சொன்னார் தெரியுமா? நானும் நம்பிவிட்டேன். உண்மை என்னவென்றால், 2023 டிசம்பர் 1 முதல் இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். 2026 கடைசி வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். சுற்றுலாவோ, உறவினர் வீடோ, கல்யாணமோ எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வருகை அட்டையும் இலவசம்தான். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நாமே பதியலாம். பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்து காசு கேட்கும் தனியார் தளங்களும் இருக்கின்றன. முகவரி ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடிகிறதா என்று பாருங்கள்.

அவர் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் வைத்திருக்கிறேன். மேலே பத்துமலை முருகன் படம். உள்ளே 'விசா' என்ற பெயரில் வழவழப்பான ஒரு தாள், அதில் அம்மாவின் போட்டோ, சிவப்பில் ஒரு முத்திரை. அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்துத் திருநீறு பூசி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரவு விமானம். கவுன்ட்டரில் இருந்த பெண் எங்கள் பிஎன்ஆரை, அதாவது புக்கிங் எண்ணை, இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த புக்கிங் அப்பவே கேன்சல் ஆயிடுச்சு. இதுக்குப் பணமே கட்டலை" என்றார். எனக்குக் காது அடைத்துப்போனது. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "சர்வர் பிரச்சினை சார், அரை மணி நேரத்துல சரி பண்ணிடறேன்" என்றார். அரை மணி கழித்துப் போன் சுவிட்ச் ஆஃப். அம்மா சீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்துக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையில் பேத்திக்கு எடுத்த அரக்கு நிறப் பட்டு. எதுவும் நசுங்கிவிடக் கூடாதென்று பையைத் தரையில் வைக்கவே இல்லை.

நடந்தது இதுதான். சில விமான நிறுவனங்களில் பணம் கட்டாமலே ஒன்றிரண்டு நாளைக்கு இடத்தைப் பிடித்து வைக்க முடியும். அப்போதே ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்துவிடும். அதை வைத்துத் தேடினால் நம் பெயர், தேதி, நேரம் எல்லாம் காட்டும். நானும் பணம் கட்டிய அன்று தளத்தில் போட்டுப் பார்த்தேன், மூன்று பெயரும் வந்தன. நிலை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. அந்த ஆள் என் பணத்தை விமான நிறுவனத்துக்குக் கட்டவே இல்லை. கெடு முடிந்ததும் புக்கிங் தானாக ரத்தாகிவிட்டது.

அடுத்து மூன்று இடம் சேர்ந்து கிடைத்தது சனிக்கிழமை இரவுதான். திரும்பும் டிக்கெட் கையில் இல்லாமல் போகவும் முடியாது, அங்கே கேட்பார்கள். போக வர தலைக்கு 38,000 வீதம் 1,14,000 ரூபாயைக் கிள்ளானிலிருந்து அத்தான் தன் கார்டில் கட்டினார். கல்யாணச் செலவுக்கு நடுவில் அவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அக்காதான் பேசினாள்.

ஞாயிறு விடியற்காலை இறங்கினோம். குடிநுழைவு அதிகாரி பாஸ்போர்ட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் பார்த்தார், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். அந்த விசாத் தாளை அவர் பக்கம் நீட்டினேன், தொடக்கூட இல்லை. 9 மணி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் முந்தின நாள் மாலை நலங்கில் தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் யாரையும் உட்கார வைக்காமல் அக்கா சும்மா விட்டிருக்கிறாள். வீடியோவில் அந்தக் காலி மணையைப் பார்த்தேன். பணம் போனதைவிட அதுதான் இன்றைக்கும் மனசை அறுக்கிறது.

டிக்கெட் கைக்கு வந்ததும் விமான நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள், உறுதி என்று இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் என்றால் பிஎன்ஆர் தவிர 13 இலக்க டிக்கெட் எண்ணும் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். அத்தோடு விட்டுவிடாமல் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி பாருங்கள். சந்தேகம் என்றால் நிறுவனத்துக்கே போன் போடுங்கள், ஏஜென்ட்டுக்கு அல்ல. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், அதையும் இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். நாங்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தால் அந்த மணை காலியாக இருந்திருக்காது.

திரும்பி வந்ததும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன், புகாரை வாங்கிக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீது தந்திருக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து கேட்கலாம். ஜிபேயில் கட்டியதும் வாட்ஸ்அப் பேச்சும் அப்படியே இருக்கின்றன, ஒன்றையும் அழிக்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்த 15,000-க்குத்தான் ஆதாரம் இல்லை. ரசீது கேட்க அன்று கூச்சப்பட்டேன்.

இதை எழுதக் காரணம், எங்கள் தெருவிலேயே இன்னொரு குடும்பம் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்காக அதே ஆளிடம் ஐந்து பேருக்குப் பணம் கட்டியிருப்பது நேற்றுத்தான் தெரிந்தது. ராத்திரி அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்று வந்தது. பயணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. காலையில் அவர்களையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போகிறேன்.