ரேபிஸ் ஊசி: கிளம்பும் முன்பா, கடித்த பின்பா?

பாலி, தாய்லாந்து பக்கம் ஊர் சுற்றப் போனால் தெருநாய் கண்ணில் படாமல் இருக்காது. ரேபிஸ் ஊசியை முன்பே போட்டுக்கொண்டு கிளம்புவதா, கடித்தால் அப்போது பார்த்துக்கொள்வதா? நான் போட்டுக்கொண்டு போனவன். என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

முன்பே என்றால் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி. கடியே படாவிட்டால் அந்தக் காசு போனதுதான். கடித்தபின் என்றால் கடிக்கும் வரை செலவில்லை. சரி, இதில் பேச அதிகமில்லை.

பேச வேண்டியது சீரத்தைப் பற்றி. தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் கிருமி நரம்பைப் பிடித்துவிடக் கூடாது என்றுதான், ரத்தம் வந்த கடிக்கு இம்யூனோகுளோபுலின் என்கிற, ரத்தத்திலிருந்து எடுத்த தயார் எதிர்ப்புச் சக்தி கொண்ட சீரத்தைக் காயத்திலேயே குத்துகிறார்கள். மனித சீரம் கிலோவுக்கு 20 யூனிட், குதிரை சீரம் 40 என்று உடல் எடையை வைத்துக் கணக்கு. தடுப்பூசி கிடைக்கிற இடத்திலெல்லாம் இது கிடைக்காது.

பாலியில் உபுத் வயல்வரப்பில் என் நண்பனை நாய் கடித்தது. முதல் கிளினிக்கில் ஃபிரிட்ஜையே திறந்து காட்டினார்கள். தடுப்பூசி இருந்தது, சீரம் இல்லை. அடுத்த கிளினிக்கிலும் அதே கதை. மறுநாள் மதியம்தான் டென்பசாரில் கிடைத்தது. கெண்டைக்காலில் பல் பதிந்த இடத்தைச் சுற்றி ஊசி இறங்க இறங்க, கட்டில் கம்பியை விடவே இல்லை அவன். அப்புறம் 3, 7, 14ஆம் நாள் ஊசிகள். கொமோடோ போக எடுத்த படகு டிக்கெட் வீண்.

முன்பே போட்டவர்களுக்குச் சீரமே வேண்டாம். ஆனால் போட்டாச்சு என்று சும்மா இருந்துவிடவும் கூடாது: கடித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. வட தாய்லாந்தின் பாய் ஊரில், விடுதி வாசலில் குட்டி போட்டிருந்த நாய் என் கணுக்காலைக் கவ்வியது. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். அன்றே ஒரு ஊசி, அடுத்தது சியாங் மாயில். எப்படியும் அங்கேதான் போவதாக இருந்தேன்.

நான் பட்டது ஒரே ஒரு கடி, அதுவும் சின்னது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. போனால் யோசிக்கவே மாட்டேன், நாயின் வாய் அவர்கள் முகத்துக்கு நேராக இருக்கும். ஜப்பானுக்கோ சிங்கப்பூருக்கோ மட்டும் போகிறவர்களுக்கு முன்னூசி தேவையில்லை. 1950களிலேயே அங்கே நாய்களிடம் ரேபிஸை ஒழித்துவிட்டார்கள். பாங்காக்கில் மட்டும் நாலு நாள் என்றாலும் கடித்தபின் பார்த்துக்கொள்ளலாம். நாய்க்கடிக்குச் சீரம் வரை போடுகிற, செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நிறுவனம் அங்கேதான் இருக்கிறது.

நண்பன் மட்டும் இனி முன்னூசிக்குக் காசு கட்ட வேண்டாம். முழுதாக முடித்த அந்தச் சிகிச்சையே அவனுக்கு முன்னூசிக் கணக்கு. அடுத்த கடிக்குச் சீரம் தேடி அலைய வேண்டியதில்லை.